சாமிக்குப் பத்து அவுன்ஸ் கள்

போன மாதம் ரந்தாவ் போகிற சாலையில் இருக்கும் குடி நிறுத்தும் இல்லத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே வேலை செய்யும் நர்ஸ் பெண் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீடு. "அம்மா, நீங்க அந்தக் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்தவங்க. எங்க ஆளுங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க லா" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம்.

முப்பது ஆண்கள் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "சாப்பிட்டோம்மா" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான் என் பேச்சு. கை தட்டினார்கள், பாவம்.

வெளியே வரும்போது மருந்து அறைச் சுவரில் ஓர் அட்டை பார்த்தேன். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. முதல் நாள் நாலு வேளையும் இரண்டிரண்டு மாத்திரை. அடுத்த நாள் ஒன்று குறைவு. அதற்கடுத்த நாள் இன்னும் குறைவு. கடைசிக் கட்டத்தில் வெறும் கோடு. என்னம்மா இது என்று கேட்டேன். "ரொம்ப நாள் குடிச்சவங்கள ஒரே அடியா நிறுத்தச் சொன்னா உயிருக்கே ஆபத்தும்மா. மாத்திரையக் குடுத்து, படிப்படியாக் கொறச்சு எறக்கணும். கூடவே வைட்டமின் ஊசி" என்றது.

அந்தப் படியில் ஒரு மனிதன் இறங்கி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது மாத்திரை இல்லை, டாக்டர் இல்லை. ஜப்பான்காரன் காலம். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறது அந்தப் பெண். எழுதிவிட்டேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் பெடாஸுக்கும் ரந்தாவுக்கும் நடுவில். பெயர் வேண்டாம். பதினாறு வயதில் ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். எட்டுக் கட்டில், ஒரு மருந்து அறை, பின்னால் சமையல் கொட்டகை. தரை கழுவினேன், சட்டி எடுத்தேன், துணி அவித்தேன். ஆறு மாதத்தில் புண் கட்டப் பழகினேன். ஒரு வருடத்தில் நாடி பிடிக்கப் பழகினேன். மூன்றாவது வருடம் ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரை போனார். சிரம்பானிலிருந்து மாதம் இரண்டு தரம் வரும் வெள்ளைக்கார டாக்டரும் போனார். டிரசர் ஐயா மட்டும் இருந்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடுகிறவரைத்தான் டிரசர் என்போம். எங்கள் டிரசர் மலையாளத்துக்காரர், கிறிஸ்து வேதக்காரர். ஒல்லி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நோயாளியைத் தொடுவதற்கு முன் "தொடட்டுமா?" என்று கேட்பார். கூலிக்காரர்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை என்பதால், கேட்டதுமே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட மாட்டார். தரையில் குந்துவார். படுத்திருப்பவனுக்கு அவர் முகம் தாழ்வாகத் தெரியும்.

அவருடைய கைக்கடிகாரத்தை ஒரு சிப்பாய் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு நாடி பார்ப்பது இப்படி: தாழ்வாரத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. நான் வாசற்படியில் அதைப் பார்த்து நிற்பேன். கரண்டியால் கதவை ஒரு தட்டுத் தட்டினால் அவர் எண்ணத் தொடங்குவார். கால் நிமிடம் ஆனதும் இன்னொரு தட்டு. எண்ணியதை நாலால் பெருக்கிச் சொல்வார். நான் சிலேட்டில் எழுதுவேன். நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அந்தக் கரண்டிதான் பேசியது.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஜப்பான்காரன் லோரி நேராகக் கள்ளுக்கடைக்கு வந்தது. குடித்துக்கொண்டிருந்தவர்களில் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். போதையில் இருந்தவர்களுக்கு எங்கே போகிறோம் என்றுகூடத் தெரியவில்லை. ஒருவன் லோரியிலிருந்து கையாட்டிச் சிரித்துக்கொண்டே போனான். அவர்களில் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர்.

மறுநாள் பெண்கள் எல்லாம் ஒன்று கூடினார்கள். கள்ளுக்கடைப் பக்கம் போனால்தானே பிடிப்பார்கள்? குடித்தால்தானே போவார்கள்? ஆற்றோரம் மரத்தடியில் முனியாண்டி சாமி இருந்தது. வெறும் கல்தான், ஆனால் அதற்கு முன்னால் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தவன் மீறியதில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம் முடிந்தது. மீறினால் சாமி குடும்பத்தோடு பலி கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை இருபத்துமூன்று ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பூசாரி ராக்கனுக்கு முதுகு வலி. தட்டைப் பிடித்து நிற்க முடியவில்லை. யாரோ அந்தத் தட்டை என் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாவதாக வந்தவர் மாரிமுத்து சித்தப்பா. அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு போட்டவர்.

"என்னாடி செல்லம்மா, நீயே தட்டப் புடிச்சுக்கிட்டியா? அப்ப இனி தப்பிக்க வழியில்ல" என்று சிரித்துக்கொண்டே அடித்தார். கற்பூரம் அணைந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது. எல்லார் வீட்டிலும் அன்று நல்ல நாள் மாதிரி இருந்தது. மரவள்ளிக் கிழங்குதான் என்றாலும் ஆளுக்கு ஒரு கருவாடு சுட்டுப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை ஆடியது. சுவரில் எறும்பு எறும்பு என்றார். எறும்பு இல்லை. சாயங்காலம் இழுப்பு வந்தது. சத்தியத்தை மீறித் திருட்டுத்தனமாகக் குடித்திருப்பார், முனி பிடித்துவிட்டது என்று கூலி வீடுகள் இருந்த லயத்தில் பேசிக்கொண்டார்கள். கயிற்றால் கட்டிப் போட்டு வேப்பிலை அடித்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். ஆனாலும் நானும் அப்படித்தான் நம்பினேன். திங்கட்கிழமை காலையில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம்.

டிரசர் ஐயா முதலில் கயிற்றை அவிழ்த்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். இழுப்புக்குக் கொடுக்கிற நாற்ற மருந்து ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி முழுக்க நாறும். அதில் ஒரு வேளைக்குத்தான் மீதம் இருந்தது. அதையும் கொடுத்தார். வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் சித்தப்பா போய்விட்டார்.

ஐயா எழுந்திருக்காமல் அப்படியே குந்தியிருந்தார். "கடசியா எப்பக் குடிச்சாரு?"

"வியாழக்கிழம சாயங்காலம்யா. வெள்ளிக்கிழம சத்தியம் பண்ணாரு."

"அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூடக் குடிக்கலியா?"

"இல்லய்யா. சத்தியமா இல்ல."

அவர் விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. முகம் மாறியது. "முனி இல்ல. கள்ளு இல்லாததுதான் அடிச்சிருக்கு. இத்தன வருஷமா ஒடம்பு அதுமேலதான் நின்னுச்சு. திடீர்னு உருவிட்டோம். எத்தன பேரு சத்தியம் பண்ணாங்க?"

"இருவத்துமூணு பேரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான்யா தட்டுப் புடிச்சேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அப்ப எல்லார் பேரும் ஞாபகம் இருக்குமில்ல, சொல்லு" என்று சிலேட்டை எடுத்தார்.

சித்தப்பாவை எடுக்க ஆட்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே நாங்கள் லயம் லயமாகப் போனோம். அன்று ஐயா செய்த சோதனையை இன்றுவரை நினைத்து ஆச்சரியப்படுகிறேன். கீழே கிடந்த காய்ந்த ரப்பர் இலை ஒன்றை எடுத்தார். "கைய நீட்டு" என்று ஒவ்வொருவனையும் நீட்டச் சொல்லி, புறங்கைமேல் அந்த இலையை வைத்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்கூடக் காய்ந்த இலையில் தெரியும். சரசரவென்று ஆடும். பதினேழு பேருக்கு இலை அசையவில்லை. அவர்கள் வேலை முடிந்து ஒரு குவளை குடிக்கிறவர்கள். நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. நாலு பேருக்கு லேசாக ஆடியது. அவர்களை வேலைக்குப் போகாமல் படுக்கச் சொன்னார். தவிட்டுக் கஞ்சி குடிக்கச் சொன்னார். சித்தப்பா போக மீதி ஒருவன்தான், வீராசாமி. அவன் கையில் இலை நிற்கவே இல்லை. பறந்து விழுந்தது.

வீராசாமி நல்ல பால்மர வெட்டுக்காரன். காலையில் கள், மாலையில் கள், நடுவில் சம்சு என்கிற மலிவுச் சாராயம். அவன் மனைவி அஞ்சலை ஆறு மாத கர்ப்பம். லோரியில் போன பதினோரு பேரில் அவனுடைய அண்ணனும் ஒருவன். வரிசையில் முதலில் வந்து கற்பூரம் அடித்தவன் இவன்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போதே அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. கட்டிலில் கிடக்கவில்லை. எழுந்து நின்றான். பிறகு நான் பார்த்ததை எப்படி எழுதுவது? கையில் உளி இல்லை. ஆனால் பிடித்திருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு கட்டில் காலுக்கு முன் குனிந்தான். நேற்றைய வெட்டுக் கோட்டில் காய்ந்த பாலை உரித்தான். வெட்டினான். பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைச் சரி செய்தான். அடுத்த கட்டில் காலுக்குப் போனான். உரித்தான், வெட்டினான், சரி செய்தான். எட்டுக் கட்டில், முப்பத்திரண்டு கால்கள். முடித்துவிட்டு மறுபடி முதல் மரத்துக்கு வந்தான். வாயில் எண்ணிக்கை. வேர்வை சொட்டச் சொட்ட வேலை. இல்லாத மரத்தில் ஒரு வெட்டுக்கூட அவனுக்குக் கோணவில்லை. மனசு போன பிறகும் கை தன் வேலையை வைத்துக்கொண்டிருந்தது. பயந்தேன். கும்பிடவும் தோன்றியது.

ஐயா அவனைப் பிடிக்கவோ கட்டவோ விடவில்லை. கூடவே நடந்தார். "இந்த மரம் முடிஞ்சுதா? சரி, அடுத்தது" என்று வேலை வாங்குகிற மண்டோர் மாதிரி பேசிக்கொண்டே நடந்து, கடைசியில் கட்டிலில் உட்கார வைத்தார். பிறகு என்னிடம், "கள்ளு எறக்குறவன் வீட்டுல ஒரு மொந்த வாங்கிட்டு வா. புளிச்சதா இருக்கணும்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கள்ளா! வாங்கி வந்தேன். மருந்து கலக்கும் அளவுக் கண்ணாடியை எடுத்தார். பத்துக் கோடு போட்ட கண்ணாடி. ஒரு கோடு ஒரு அவுன்ஸ். பத்தாவது கோடு வரை ஊற்றினார்.

"மருந்து தீந்துபோச்சு. இப்ப இதுதான் மருந்து. ஒரு நாளைக்கு அஞ்சு வேள. இன்னைக்கு வேளைக்குப் பத்து அவுன்ஸ். நாளைக்கு வேளைக்கு ஒம்போது. அடுத்த நாள் எட்டு. அவன எந்தப் படியில ஏத்தி வச்சாங்களோ, அதே படியிலதான் எறக்கணும்."

அஞ்சலை கதவை மறித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஏற்கெனவே ஒரு உசுரு போச்சு. கற்பூரம் அடிச்சவன் வாயில நீங்களே ஊத்துனா இதுவும் போயிரும். எம் புள்ளையும் போயிரும்."

"குடிக்கலன்னா போயிரும்மா" என்றார் ஐயா.

"ஒங்களுக்கு வேற சாமி. எங்க சாமி சும்மா விடாது."

வீராசாமிக்கும் அந்த நிலையில் அது மட்டும் நினைவிருந்தது. கண்ணாடி உதட்டில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டான். "அடிச்சிட்டேன்யா, அடிச்சிட்டேன்" என்றான் பல்லுக்குள்ளேயே. நாலு பேர் பிடித்து ஊற்றலாம் என்றார் அங்கே வந்திருந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி. ஐயா வேண்டாம் என்று தலையாட்டினார். "பல்லக் கடிச்சிருக்கறப்ப ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயி மூச்சு நின்னுடும்." கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைகளுக்கு வேறு வேலை இல்லாமல் போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நான் அந்தக் கண்ணாடியை எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. முந்தானையால் மூடிக்கொண்டு ஆற்றோரத்துக்கு நடந்தேன். ஐந்து நிமிட நடை. ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தேன்.

ராக்கன் பூசாரி கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

"பூசாரி, இத சாமிக்குப் படைக்கணும்."

கண்ணாடியைப் பார்த்தார். "இது என்னா, கண்ணுக்கு ஊத்துற மருந்தா? கொடம் கொடமாக் குடிக்கிற சாமிடி அது!"

"பத்து அவுன்ஸு. படைச்சிட்டு மிச்சத்தக் குடுங்க. வீராசாமிக்கு."

எழுந்து உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழம சத்தியம் வாங்குன சாமி திங்கக்கிழம ஊத்திக் குடுக்குமா? டிரசரு சொல்லி அனுப்புனாரா?"

"அவருக்குத் தெரியாது. குடிக்கச் சொல்லல பூசாரி. நோம்பு இருக்குற பொம்பளைங்க கறியத் தொட மாட்டாங்க. ஆனா முனிக்கு வெட்டுன கெடா கறிய வாயில போட்டுக்கிறாங்க. கேட்டா, கறி இல்ல, படையலுங்கிறாங்க. சுருட்டே புடிக்காதவன் சாமி சுருட்ட ஒரு இழுப்பு இழுக்குறான். நீங்கதான குடுக்குறீங்க?"

என்னையே பார்த்தார். "நீ பேசுவியாடி?"

எனக்கும் அது தெரியாது. ஆனாலும் சொன்னேன்: "எஞ் சித்தப்பாவுக்கு நாந்தான் தட்டுப் புடிச்சேன். அவுரு குடிக்கல. சத்தியத்தக் காப்பாத்துனாரு, செத்தாரு. சாமி அதக் கேட்டுச்சா?"

அவர் கல்லைப் பார்த்தார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கற்பூரம் ஏற்றினார். கண்ணாடியிலிருந்து கொஞ்சம் கல்மேல் ஊற்றினார். கண்ணாடி விளிம்பில் திருநீறு தடவினார். "நட. நானும் வர்றேன்" என்றார்.

வாசலில் அஞ்சலை இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"அஞ்சல, சாமி குடிச்சிட்டு மிச்சம் குடுத்துருக்கு. வேணாங்கறியா?" என்றார் பூசாரி.

அவள் திருநீற்றைப் பார்த்தாள். பூசாரியைப் பார்த்தாள். கண்ணாடியைக் கையில் வாங்கி, கோயில் தீர்த்தம் மாதிரி உள்ளங்கையில் ஊற்றி, அவன் வாயருகே கொண்டுபோனாள். "சாமி குடுத்ததுங்க" என்றாள். அவன் பல்லை விட்டான். உள்ளங்கை உள்ளங்கையாக, மிச்சம் முழுதும் இறங்க அரை மணி நேரம் ஆனது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் காற்றில் மரம் வெட்டுவது மெதுவானது. பிறகு கை மடியில் விழுந்தது. தூங்கினான்.

ஐயா கண்ணாடி விளிம்பைப் பார்த்தார். திருநீற்றை விரலால் தொட்டார்.

"சாமி எவ்வளவு எடுத்துச்சு?"

"கொஞ்சந்தான்யா."

"கொஞ்சம்னா?"

"ஒரு கோடு இருக்கும்யா."

அடுத்த வேளை கண்ணாடியில் பத்தாவது கோட்டுக்கு மேலே ஒரு விரல் ஊற்றினார். "சாமிக்கு ஒண்ணு தனியா" என்றார். சிரிக்கவில்லை. மருந்து அளக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

அப்படித் தொடங்கியது. ஐந்து வேளையும் நான் ஆற்றோரத்துக்கு நடந்தேன். படுக்கப் போகும் வேளைக்குரியதையும் பொழுதோடு படைத்து வாங்கி வந்துவிடுவேன். ஒவ்வொரு வேளையும் முதலில் நாடி, நானும் கரண்டியும். பிறகு தவிட்டுக் கஞ்சி, வெல்லத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் கள். அரிசி கிடைக்காத காலத்தில் தவிடு மட்டும் எப்படியோ வாங்கி வருவார். இந்த ஆட்களுக்குக் காலும் கண்ணும் மூளையும் நிற்பது தவிட்டால்தான் என்பார். சிவப்புக் கம்பளியை எடுத்துவிடச் சொன்னார். அதில் அவனுக்குப் பூச்சி தெரியுமாம். அவன் பக்கத்தில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதும், புத்தி சொல்லக் கூடாது. இது உத்தரவு. தினமும் விடிந்ததும் இலை.

மூன்றாம் நாள் அவனுக்கு நினைவு திரும்பியது. "எத்தன மரம் வெட்டுனேன்?" என்று கேட்டான். அஞ்சலை சிரித்துக்கொண்டே அழுதாள்.

நாலாம் நாள் இலை இரண்டு மூச்சு நேரம் அசையாமல் நின்றது. ஆறாம் நாள் காலையில் மறுபடி சரசரவென்று ஆடியது. வேர்வையும் வந்துவிட்டது. ஐயா சிலேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து குடுத்தது ஆறு அவுன்ஸுதான?"

"கோட்டுக்குச் சரியா ஊத்திக் குடுத்தீங்களேய்யா."

"போறப்ப சரி. வர்றப்ப?"

நான் பார்த்திருக்கவில்லை. பூசாரி ஒரு துணியால் மூடிக் கொடுப்பார், அப்படியே கொண்டுவருவேன். பூசாரியிடம் ஓடினேன். அவர் கூசாமல் சொன்னார்: "ஆமா, பாதிய ஊத்துனேன். பத்து, ஒம்போதுன்னு நாளுக்கு நாள் கொறைக்கிறாரு ஒங்க டிரசரு. சாமி என்னா நெனைக்கும்? ஆளோட சேத்து அதையும் நிறுத்தப் பாக்குறாரா?"

அன்று ஐயா ஆற்றோரத்துக்கு வந்தார். அதுவரை அந்தப் பக்கம் வந்தவர் இல்லை. பத்தடி முன்னாலேயே செருப்பைக் கழற்றினார். பூசாரியிடம் பேசவில்லை. கல்லுக்கு முன்னால், கட்டில் பக்கத்தில் குந்துகிற மாதிரியே குந்தினார்.

"ஒன்னோட பங்கு வேளைக்கு ஒரு அவுன்ஸு. அதுல நான் ஒரு நாளும் கொறைக்க மாட்டேன். அவன் பங்கத் தொடாத" என்றார்.

பூசாரி வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கல்மேல் ஒரு கோட்டுக்கு மேல் விழுந்ததே இல்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவரே அளப்பார். பார்த்தால் அவரும் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிற மாதிரி இருக்கும். ஐயா அன்றும் மறுநாளும் குறைக்கவில்லை. ஆறு அவுன்ஸிலேயே நிறுத்தி வைத்தார். "படியில கால் தடுக்குனா அதே படியில நிக்கணும். கீழ தாவக் கூடாது."

பிறகு ஐந்து, நாலு, மூன்று. இரண்டு அவுன்ஸ் நாளில் வீராசாமி அழுதான். வேண்டும் என்று அழுதானா, வேண்டாம் என்று அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. ஐயா பக்கத்தில் குந்தியிருந்தார், அவ்வளவுதான்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு தேறினால் லோரிக்காரன் கண்ணில் படுவான் என்று ஐயாவுக்குத் தெரியும். அதனால் அவனைக் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியிலேயே தண்ணீர் தூக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். லேசாக இலை ஆடிய அந்த நாலு பேர் பக்கத்திலும் வீராசாமிதான் உட்கார்ந்திருந்தான். அவர்களிடம் அவன் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "எறும்பு வருதா? வரும். போயிரும்." போன மாதம் அந்த இல்லத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு அவன் குரல்தான் கேட்டது. அஞ்சலைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அவனும் போனான். வீராசாமி கடைசி வரை குடிக்கவில்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிகள் பார்த்தேன். அந்தப் பன்னிரண்டு நாளைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் கண்ணாடியில் இரண்டே கோடு. அவனுக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று. நான் எடுக்கப் போனேன். வீராசாமி, "நான் கொண்டுபோறேன்" என்றான். ஐயா தலையசைத்தார். அந்தக் கண்ணாடியை ஏந்திக்கொண்டு அவன் மெதுவாக நடந்தான். நான், அஞ்சலை, ஐயா பின்னால் போனோம். பாதி வழியில் அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிந்தவில்லை.

கல்லுக்கு முன் நின்று இரண்டு கோட்டையும் அதன்மேலேயே ஊற்றினான். "எம் பங்கும் நீயே வச்சுக்க" என்றான்.

பூசாரி கற்பூரம் ஏற்றினார். முதுகு வலி அவருக்கு இன்னும் போகவில்லை. "செல்லம்மா, தட்டப் புடி" என்றாள் அஞ்சலை.

நான் பின்னால் நகர்ந்தேன். சித்தப்பா சிரித்த முகம் கண்ணில் நின்றது. இனி அந்தத் தட்டைத் தொடுவதில்லை என்று எனக்குள் சத்தியம் செய்திருந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஐயா கீழே தேடி ஒரு காய்ந்த இலையை எடுத்தார். "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வீராசாமியின் புறங்கைமேல் வைத்தார். ஆற்றுக் காற்று வந்தது. இலையின் ஓரம் காற்றுக்கு அசைந்தது. கை அசையவில்லை.

"இப்ப அடிக்கலாம்" என்றார் ஐயா.

தட்டை வாங்கினேன். சுடர் இப்படியும் அப்படியும் ஆடியது. காற்றுதான் என்று நினைத்தேன். காற்று நின்றுவிட்டிருந்தது. நடுங்கியது என் கை. எதிரே வந்த அவன் கை நேராக வந்தது.